கல்யாணியில் ஏறும் நிரல்

கதவைத் திறந்த அம்மா, "உள்ளதான் இருக்கான், போங்கம்மா" என்று கை காட்டினார். மேடவாக்கத்தில் மூன்றாம் மாடி வீடு. காலை ஒன்பதரைக்கே வெயில் சுள்ளென்று அடித்தது. அறைக்குள்ளோ சன்னல் திரை இழுத்துவிடப்பட்டு, விளக்கும் எரியாமல் இருட்டாக இருந்தது. மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. அதன் திரை முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒருவர் விறுவிறுவென்று தட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்கக்கா. லைட் போட்டுக்குங்க, சுவிட்ச் உங்க வலது கைப் பக்கம். ஹெட்போன் கொண்டுவந்தீங்களா?"

கொண்டுபோயிருந்தேன். முன்தினம் தொலைபேசியில் அவர் வைத்த ஒரே நிபந்தனை அதுதான். நாங்கள் இருவரும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்க்கிறோம், பிரிவு வேறு. லாரி வாடகைக்குப் பில் போடும் மென்பொருள் அவருடைய பிரிவு. இரண்டு வருடமாக ஒரு வாக்கியத்தை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்: "அது யாருக்கும் பிடிபடலையா? தம்பிகிட்ட குடுங்க." பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாதவர் அவர். பதினான்கு வருடமாக நிரல் எழுதும் நான், எடிட்டரை நிறுவிய அன்று அது எப்படி இருந்ததோ அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டியவள். அவருடைய கருவிகள் எப்படி இருக்கின்றன என்று பக்கத்தில் இருந்து தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை ரொம்ப நாளாக இருந்தது.

ஒரு ஒயரை இரண்டாகப் பிரித்து என் ஹெட்போனையும் சொருகினார். காதில் விழுந்தது பேச்சு என்றே எனக்குப் புரியவில்லை. தகரக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம், நடுநடுவே சிறிது விட்டுவிட்டு. "இது என்னோட வேகம். உங்களுக்குக் குறைக்கிறேன்" என்றார். இரண்டு விசை. தூறல் மெல்ல மெல்ல நின்று, அதற்குள்ளிருந்து ஆங்கிலச் சொற்கள் வெளியே வந்தன. ஒரு மனிதர் பேசும் வேகத்துக்கு அது இறங்குவதற்குள் அவர் பொறுமை இழப்பது விரல்களில் தெரிந்தது.

அந்தக் குரலைப் பேசவைப்பது என்விடிஏ என்ற திரைவாசிப்பான். ஆஸ்திரேலியாவில் 2006-இல் மைக்கேல் கர்ரன் தொடங்கியது. சீக்கிரமே ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். அதுவரை விண்டோசுக்கு இருந்த நல்ல திரைவாசிப்பான்கள் சாதாரண மனிதர் வாங்க முடியாத விலையில் இருந்தன. இவர்கள் இலவசமாகக் கொடுத்தார்கள், மூல நிரலையும் திறந்து வைத்தார்கள். பெரும்பகுதி பைத்தானில் எழுதப்பட்டது. "நான் பைத்தான் கத்துக்கிட்டதே இதுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கத்தாங்கா. காலேஜ்ல சொல்லிக்குடுத்தது அப்புறம்தான்."

தான் எழுதிவைத்த ஒலிகள் இல்லாமல், எல்லாக் குறிகளையும் படிக்கச் சொன்னால் அது எப்படிப் பேசும் என்று எனக்காக ஒருமுறை ஓட்டிக் காட்டினார். அடைப்புக்குறி வரும் ஒவ்வொரு இடத்திலும் "லெஃப்ட் பேரன்", "ரைட் பேரன்". ஒரே வரியில் ஆறு அடைப்புக்குறி. வரி முடியும்போது தொடக்கத்தில் என்ன இருந்தது என்பது எனக்கு மறந்துவிட்டது. பிறகு அவருடைய அமைப்புக்குத் திரும்பினார். லெஃப்ட் பேரன் என்பது "எல்" ஆகியிருந்தது, ரைட் பேரன் "ஆர்". சமமில்லை என்பதற்கான இரட்டைக் குறிக்கு "நாட்" என்று ஒரே அசை. இப்படி ஒவ்வொரு குறிக்கும் தான் விரும்பிய ஒலியை என்விடிஏவின் உச்சரிப்புப் பட்டியலில் எழுதிவைத்திருக்கிறார். அதே வரி இப்போது பாதி நேரத்தில் முடிந்தது. முக்கியமாக, வரியின் பொருள் என் தலையில் தங்கியது.

செயலிக்குச் செயலி நடத்தையும் வேறு. எடிட்டருக்குள் போனால் எல்லாக் குறிகளையும் படிக்கும். உலாவிக்குப் போனால் காற்புள்ளி, முற்றுப்புள்ளிகளை விழுங்கிவிட்டு வாக்கியமாகப் படிக்கும். வாட்ஸ்அப்பைத் திறந்ததும் குரல் தமிழுக்கு மாறி, வேகமும் தணிந்தது. "அம்மா அனுப்புற மெசேஜை அந்த ஸ்பீடுல கேக்கக் கூடாதுல்ல" என்றார். இந்த மாற்றங்களுக்கெல்லாம் அவர் ஒரு விசையும் தட்டவில்லை. முன்னால் எந்தச் செயலி நிற்கிறதோ அதைப் பார்த்து என்விடிஏவே மாற்றிக்கொள்கிறது, அவர் ஒருமுறை சொல்லிவைத்தபடி.

அடுத்து அவர் காட்டியதைத்தான் இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிக்குப் பொருள் உண்டு. நான்கு வெற்றிடம் உள்ளே தள்ளினால் அந்த வரி மேலே உள்ள நிபந்தனைக்கோ சுழற்சிக்கோ சொந்தம். நமக்கு அது கண்ணில் பட்டுவிடும். காதுக்கு எப்படி? "ஃபோர் ஸ்பேஸ், எய்ட் ஸ்பேஸ்" என்று சொல்லவைக்கலாம். அவர் அதை வைத்துக்கொள்ளவில்லை. என்விடிஏவில் இன்னொரு வசதி இருக்கிறது: உள்தள்ளல் மாறும்போதெல்லாம் ஒரு சிறு ஒலி, தள்ளலுக்கு ஏற்ற சுருதியில். கர்சரைக் கீழே இறக்கினார். மெல்லிய "பீப்". அடுத்த வரியில் கொஞ்சம் மேலே ஒரு பீப். அதற்கடுத்து இன்னும் மேலே.

ஸ்கூலில் ஏழு வருடம் வாய்ப்பாட்டு படித்தவர் அவர். "அக்கா, ஒவ்வொரு ஸ்பேஸுக்கும் கால் ஸ்வரம் ஏறும். நாலு ஸ்பேஸுன்னா ஒரு முழு ஸ்வரம். கேளுங்க." கர்சரை இறக்கிக்கொண்டே கூடவே பாடினார். ஓரத்தில் ஒட்டிய வரி ஸட்ஜம். ஒரு படி உள்ளே போனால் சதுச்ருதி ரிஷபம். இரண்டாவது படி அந்தர காந்தாரம். மூன்றாவது பிரதி மத்யமம். ஸ, ரி, க, ம. கல்யாணி! நிரல் உள்ளே போகப் போகக் கல்யாணியின் ஆரோகணம் ஏறுகிறது, வெளியே வர வர இறங்குகிறது. என் கையில் மயிர்க்கூச்செறிந்தது என்று சொன்னால் மிகை இல்லை.

"நாலாவது படி போனா?" என்று கேட்டேன்.

"அங்க ராகம் கெட்டுடும். பஞ்சமத்தைத் தாண்டிக் குதிச்சு சுத்த தைவதத்துல போய் நிக்கும். கல்யாணில அது கிடையாது. எனக்கு அது காதுல குத்தும். குத்துச்சுன்னா அந்த ஃபங்ஷனைப் பிரிச்சு எழுதணும்னு அர்த்தம்."

அளவுக்கு மீறி உள்ளே உள்ளே அடுக்கிய நிரல் கெட்ட நிரல் என்று எல்லாப் பாடப்புத்தகமும் சொல்கிறது. நாங்கள் அதைத் தலையாட்டிக் கேட்டுவிட்டு எழுதிக்கொண்டே போவோம். இவருக்கு அது அபஸ்வரமாகக் கேட்கிறது. என்விடிஏவை எழுதியவர்கள் கல்யாணியை நினைத்து இதை அமைத்திருக்க மாட்டார்கள். பயன்படுத்துகிறவர் தனக்குத் தெரிந்த ஒன்றை அதோடு கோத்துக்கொண்டார். அந்தக் கோப்பு நடந்த பிறகு அது வேறொரு கருவி.

பதினோரு மணிக்கு வேலை வந்தது. வாடிக்கையாளர் ஒருவருடைய பில்களில் சில இடங்களில் வரி ஒரு ரூபாய் குறைகிறது. எல்லாப் பில்லிலும் இல்லை. மூன்று வாரம் முன்பு வரை சரியாக இருந்தது. அதற்குப் பிறகு இருநூற்றுச் சொச்சம் கமிட்கள், அதாவது நிரலில் பதிவான மாற்றங்கள். நானாக இருந்தால் வரலாற்றைத் திறந்து, வரி தொடர்பாக யார் கை வைத்தார்கள் என்று கண்ணை ஓட்டி ஊகித்துக்கொண்டிருப்பேன். அவருக்குக் கண்ணை ஓட்டுவது என்ற வழியே இல்லை. முதலில் நான்கு வரியில் ஒரு சோதனை எழுதினார்: 112 ரூபாய் 50 காசு வரி என்றால் 113 வர வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஐம்பது காசும் அதற்கு மேலும் இருந்தால் முழு ரூபாயாக்க வேண்டும். பிறகு டெர்மினலில் இரண்டெழுத்தில் ஒரு கட்டளை.

அந்த இரண்டெழுத்துக்குப் பின்னால் இருப்பது, மாற்றங்களைப் பதிவுசெய்துவைக்கும் கிட் என்ற கருவியின் பைசெக்ட். நன்றாக இருந்த பழைய கமிட் ஒன்று, கெட்டுப்போன இன்றைய கமிட் ஒன்று என்று இரண்டைக் காட்டினால், அது நடுவில் உள்ளதை எடுத்துச் சோதனையை ஓட்டிப் பார்க்கும். நடுவில் உள்ளது நன்றாக இருந்தால் முன்பாதி கழிந்தது, கெட்டிருந்தால் பின்பாதி கழிந்தது. இருநூற்று ஐம்பது கமிட் என்றாலும் எட்டு முறை பாதியாக்கினால் ஒன்றில் வந்து நிற்கும். பைசெக்ட் என்ற பெயர் எனக்கும் தெரியும். அதைத் தன்னால் ஓடவிடலாம் என்பதும் எங்கோ படித்திருக்கிறேன். ஆனால் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துக்கொண்டதில்லை. அவர் வைத்திருக்கிறார். முடிந்ததும் மணி அடிக்கும்படியும் சேர்த்திருக்கிறார். அம்மா கொண்டுவந்த காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தோம். டம்ளரில் பாதி இருக்கும்போதே மணி அடித்தது.

ஒரே ஒரு வரி மாறியிருந்தது. பழைய நிரலில் டெசிமல் தொகுதியைக் கொண்டு, பாதி வந்தால் மேலே தள்ளு என்று வெளிப்படையாக எழுதியிருந்தார்கள். யாரோ அதைச் சுருக்கி, பைத்தானின் ரவுண்ட் என்ற உள்ளமைந்த கட்டளையைப் போட்டுவிட்டார்கள். பைத்தான் 3-இல் ரவுண்ட் சரிபாதியைப் பக்கத்திலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும். நிறைய எண்களைக் கூட்டும்போது பிழை ஒரே பக்கமாகச் சாயாமல் இருக்க அப்படிச் செய்வார்கள். எனவே 112.5 என்பது 112 ஆகும், 113.5 என்பது 114 ஆகும். சரியாக ஐம்பது காசில் வந்து நிற்கும் பில்களில் சில சரி, சில தவறு. எல்லாமே தவறாக இருந்திருந்தால் முதல் நாளே பிடித்திருப்போம். பழைய வரியைத் திருப்பிவைத்து, எழுதிய சோதனையையும் கூடவே சேர்த்து அனுப்பினார்.

இந்த நாற்பது நிமிடத்தில் அவர் எதையும் தேடவில்லை என்பதைப் பிறகுதான் உணர்ந்தேன். எந்த மெனுவில் எது இருக்கிறது, எந்தக் கோப்பு எங்கே, கட்டளையின் எழுத்து எது என்ற தடுமாற்றமே இல்லை. கணக்கு அவர் மனத்தில் கலையாமல் இருந்தது. கருவியைக் கற்றவர்களுக்கு வேகம் கூடும் என்று சொல்வார்கள். வேகம் கூடுவது உண்மைதான். ஆனால் நான் அங்கே கண்டது வேறு: வரியில் எங்கே தவறு என்ற கேள்வி, காலையில் மனத்தில் ஏறியது, விடை வரும்வரை அங்கிருந்து இறங்கவே இல்லை. எனக்கு ஒவ்வொரு முறை மவுஸைத் தேடிக் கை போகும்போதும் அது கொஞ்சம் இறங்கிவிடுகிறது.

லாக் கோப்பு படிப்பது இன்னொரு விதம். எங்கள் சர்வர் லாக்கில் ஒவ்வொரு வரியும் தேதி, நேரம், இயந்திரத்தின் பெயர், ஒரு நீண்ட அடையாள எண் என்று தொடங்கும். கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. காது தாண்டாது, வரிசையில் நின்று எல்லாவற்றையும் கேட்டாக வேண்டும். சலித்துப்போய் அவர் சிறிய ஸ்க்ரிப்ட் ஒன்று எழுதினார். மாறாமல் திரும்பத் திரும்ப வருவதை எல்லாம் வெட்டிவிட்டு, முந்தைய வரியிலிருந்து எது மாறியதோ அதை மட்டும் கொடுக்கும். இன்று அந்தப் பிரிவில் ஏழு பேரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பார்வை உள்ள ஆறு பேருக்கும் அந்த இரைச்சல் இத்தனை நாளும் இருந்தது. கண் தாங்கிக்கொண்டதால் யாரும் அதை ஒரு தொல்லையாக நினைக்கவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு பழைய கணினியை எடுத்தார். அதில் லினக்ஸ், ஈமேக்ஸ் என்ற எடிட்டர், அதற்குள் அதைப் பேசவைக்கும் ஈமேக்ஸ்பீக். அலுவலக வேலைக்கு இல்லை, தன் ஆசைக்கு. ஈமேக்ஸ்பீக்கை உருவாக்கியவர் டி. வி. ராமன். புனேயில் வளர்ந்தவர், பதினான்கு வயதில் கண் அழுத்த நோயால் பார்வை இழந்தவர். ஐஐடி மும்பையிலும் பிறகு அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் படித்தார். கார்னெலில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு, கணிதச் சூத்திரங்களைக் காதுக்குப் புரியும்படி வாசிக்கும் ஒரு மென்பொருள். அதற்கு ஆஸ்டர் என்று தன் வழிகாட்டி நாயின் பெயரை வைத்தார். ஈமேக்ஸ்பீக்கை 1995-இல் வெளியிட்டார். இன்றும் வளர்த்துவருகிறார்.

தம்பி நாட்காட்டியைத் திறந்து அதன் அருமையைக் காட்டினார். சாதாரணத் திரைவாசிப்பான் திரையில் உள்ளதைப் படிக்கும். மாத நாட்காட்டியில் கர்சர் நிற்கும் இடத்தில் இருப்பது "14" என்ற எண் மட்டும்தான், அதனால் "ஃபோர்ட்டீன்" என்று சொல்லும். எந்த மாதம், என்ன கிழமை என்பதெல்லாம் கண்ணுக்குத்தான். ஈமேக்ஸ்பீக் கிழமை, மாதம், ஆண்டு எல்லாம் சேர்த்து முழுத் தேதியைச் சொன்னது. திரையில் தீட்டியிருப்பதைப் பார்த்து அது பேசவில்லை; நாட்காட்டி நிரலையே கேட்டுவிட்டுப் பேசுகிறது. நிரலைப் படிக்கும்போதும் அப்படித்தான். குறிப்புரைக்கு ஒரு குரல், மொழியின் கட்டளைச் சொற்களுக்கு ஒரு குரல், மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்துக்கு ஒரு குரல். நம் எடிட்டரில் நிறங்கள் செய்யும் வேலை.

இத்தனையையும் ராமன் ஈமேக்ஸின் மூல நிரலில் ஒரு வரியைக்கூட மாற்றாமல் செய்தார். ஈமேக்ஸில் அட்வைஸ் என்று ஒரு வசதி உண்டு. ஏற்கெனவே இருக்கும் எந்தக் கட்டளைக்கும் முன்னாலோ பின்னாலோ நம் நிரலைக் கட்டிவிடலாம். "அடுத்த வரிக்குப் போ" என்ற கட்டளைக்குப் பின்னால் "போன வரியைப் படி" என்று கட்டினார். அப்படியே ஒவ்வொன்றாக. ஈமேக்ஸை எழுதியவர்கள் பார்வையற்ற ஒருவர் இதில் வேலை செய்வார் என்று திட்டமிட்டிருக்கத் தேவையில்லை. பயன்படுத்துகிறவர் உள்ளே கை வைக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அது போதுமாக இருந்தது.

அந்தக் கதவு மூடியிருந்தால் என்ன ஆகும் என்பதையும் அன்றே கண்டேன். நாங்கள் வேலைகளைப் பதிவுசெய்யும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. உலாவியில் ஓடுவது. ஒரு வேலையை "முடிந்தது" என்று நகர்த்த, அட்டையை மவுஸால் இழுத்து அடுத்த கட்டத்தில் போட வேண்டும். விசைப்பலகையால் செய்ய வழியே வைக்கவில்லை. நாற்பது நிமிடத்தில் யாருக்கும் பிடிபடாத பிழையைப் பிடித்தவர், அந்த அட்டையை நகர்த்தச் சொல்லி இன்னொருவருக்குச் செய்தி அனுப்பினார். "தினம் ரெண்டு மூணு தடவை கேக்கணும்கா" என்றார், குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இதை எழுதும்போதும் இருக்கிறது. அந்த மென்பொருளுக்கு ஒரு சிறு வழி திறந்திருந்தால் அவரே ஒரு சாயங்காலத்தில் அதைச் சரிசெய்துகொண்டிருப்பார்.

இந்த வாழ்க்கைக்கு ஒரு விலையும் உண்டு, அதை அவர் மறைக்கவில்லை. என்விடிஏவுக்கு அவர் எழுதிய துணைநிரல்கள் நான்கு. கர்சர் எந்த ஃபங்ஷனுக்குள் நிற்கிறது என்று ஒரு விசையில் சொல்வது அதில் ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் முதல் வெளியீட்டில் என்விடிஏவின் உள்ளமைப்பு மாறும். பழைய துணைநிரல்களைத் திருத்தினால்தான் ஓடும். அதற்கு இரண்டு சாயங்காலம் போய்விடும். எடிட்டரை அழகுபடுத்துவதிலேயே நாளைக் கழிக்கிறவர்களையும் அவருக்குத் தெரியும். அதனால் தனக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறார்: ஒரே இடத்தில் மூன்று முறை தடுக்கினால்தான் மாற்றுவார். தடுக்கியதை ஒரு கோப்பில் குறித்துவைப்பார். வெள்ளிக்கிழமை மாலை அந்தக் கோப்பைத் திறந்து ஒன்றே ஒன்றை மட்டும் சரிசெய்வார். எல்லா அமைப்புகளும் கிட்டில் இருக்கின்றன. போன மழைக்காலத்தில் மடிக்கணினி கெட்டுப் புதிது வந்தபோது, அரை மணியில் பழைய குரல், பழைய வேகம், பழைய கல்யாணி எல்லாம் திரும்பி வந்துவிட்டன.

ஐந்து மணி ஆகிவிட்டது. கிளம்பும் முன் என் மனத்தில் இருந்ததைக் கேட்டேன். நான் எழுதிய ஃபங்ஷன் ஒன்று, சரக்கு எந்தக் கிடங்குக்குப் போக வேண்டும் என்று முடிவு செய்வது, எங்கள் பொதுக் களஞ்சியத்தில்தான் இருக்கிறது. அதை அவருடைய காதில் கேட்க வேண்டும்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்கக்கா" என்று கர்சரை முதல் வரியில் வைத்தார். குரலை நிறுத்திவிட்டு ஒலியை மட்டும் விட்டார்.

ஸ. ரி. க. கொஞ்ச நேரம் காந்தாரத்திலேயே நின்றது. ம. மறுபடி க. மறுபடி ம. பிறகு பஞ்சமம் வர வேண்டிய இடத்தைத் தாண்டி ஒரு குதி. அங்கிருந்து இன்னொரு குதி, அதற்கும் மேலே. எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் காலையிலிருந்து கேட்ட காது, அது தப்பு என்று சொல்லிவிட்டது. கண்ணைத் திறந்தேன். அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"பிரிச்சிடலாமாக்கா?"

தோளில் மாட்டிய பையைக் கீழே வைத்தேன். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, சுத்த தைவதம் தொடங்கிய வரி எது என்று கேட்டேன்.